ரேகை விழாதவர் திருடரா?

கேள்வி: எங்கள் அரிசி ஆலையில் வருகைப் பதிவுக்குக் கைரேகை மிஷின் வைத்தோம். மூட்டை தூக்குகிறவர்கள், களத்துப் பெண்கள் பலருக்கு ரேகையே விழுவதில்லை. வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்களா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: ஏமாற்றுகிறார்கள் என்று எழுத எப்படி மனம் வந்தது? நாளெல்லாம் சாக்கையும் நெல்லையும் அள்ளுகிற கையில் ரேகை தேயத்தான் செய்யும். ரேகைக் கோடு முடிகிற இடத்தையும் கிளை பிரிகிற இடத்தையும் வைத்துத்தான் மிஷின் ஆளை அடையாளம் காண்கிறது. காய்ந்த விரலில் கோடு விட்டுவிட்டு விழும். நெல் ஊறப்போட்ட தொட்டியிலிருந்து ஈரக்கையோடு வந்தால் கோடெல்லாம் ஒன்றாக அப்பிவிடும்.

இந்தச் சந்தேகம் பழையது. 1858-ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, சாலைக்குச் சரளை தரும் ஒப்பந்தக்காரர் பின்னால் கையெழுத்தை மறுத்துவிடக் கூடாதென்று, அவர் உள்ளங்கையையே மசியில் தோய்த்துப் பத்திரத்தில் பதியவைத்தார். இன்றும் நிரூபிக்க வேண்டியவர் உழைக்கிறவர்தான்!

ஆளுக்கு நான்கு விரலாவது, இரண்டு கையிலும் பதியுங்கள். கொக்கி பிடிக்கிற கையை மட்டும் நம்பாதீர்கள். விரல் நுனியை வைத்தால் போதாது. ரேகைச்சுழி கண்ணாடிக்கு நடுவில் வரும்படி சதைப்பகுதி முழுக்கப் படிய வேண்டும். பக்கத்தில் தண்ணீரும் சோப்பும் உலர்ந்த துண்டும் இருக்கட்டும். காய்ந்த விரலை நெற்றியில் ஒருமுறை தேய்த்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணெய்ப்பசை போதும். கண்ணாடியில் படிகிற தவிட்டுத் தூளை மெல்லிய உலர்ந்த துணியால் துடையுங்கள். நேர் வெயில் விழும் சுவர் வேண்டாம். சம்பா அரவை முடிந்து கை ஆறியதும் மறுபடி பதியுங்கள்.

ரேகை எவ்வளவு ஒத்திருக்க வேண்டும் என்ற ஒப்பீட்டு அளவைத் தளர்த்தினால் எல்லார் ரேகையும் விழும் என்று மிஷின் விற்றவர் சொல்வார். கேட்காதீர்கள். முருகன் விரலுக்குச் செல்வம் பெயர் விழும். கரண்ட் போய் வந்தால் மிஷினில் மணியைப் பாருங்கள். உள்ளிருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி எங்கோ பின்னால் போய்விடும், அன்று வேலைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் ஆப்சென்ட்.

என்ன செய்தும் ரேகை விழாதவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு அட்டையோ முகம் பார்க்கிற மிஷினோ கொடுங்கள். மேஸ்திரி கையெழுத்திடும் நோட்டும் கூடவே இருக்கட்டும்.

இன்னொன்று. பத்து நிமிடம் தாமதித்தால் அரைநாள் கூலி பிடிக்கிற வழக்கத்தை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை கண்டித்தாலும் எனக்கு அலுக்காது. வராத நேரத்துக்கு ஈடானதற்கு மேல் தாமதத்துக்காகப் பிடிக்கக் கூடாது என்பது 1936-ஆம் ஆண்டுக் கூலி வழங்கல் சட்டத்திலேயே இருந்தது. 2019-ன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் உண்டு. ரேகை விழாத நாளுக்கு நீங்கள் கூலி பிடித்திருந்தால் வரும் சனிக்கிழமை சம்பளத்தோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.