ஓரம் வெட்டும் டிவி, விலகி நிற்கும் கர்சர்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பள்ளி ஸ்மார்ட் வகுப்பில் 43 அங்குல டிவி இருக்கிறது. லேப்டாப்பை ஹெச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தால் கீழே டாஸ்க்பார் பாதிக்கு மேல் காணவில்லை. மேலே மூடுகிற பெருக்கல் குறியும் சரியாகத் தெரிவதில்லை. டிவி பழுதா, லேப்டாப் பழுதா?
– ஓர் ஆசிரியை, மேலூர்

டீச்சர், இரண்டிலும் பழுதில்லை. லேப்டாப் முழுப் படத்தையும்தான் அனுப்புகிறது. டிவி அதை வாங்கிக் கொஞ்சம் பெரிதாக்கி, ஓரங்களைத் திரைக்கு வெளியே தள்ளிவிடுகிறது. ஓவர்ஸ்கேன் என்பார்கள்.

பிக்சர் டியூப் காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. நான் சிம்மக்கல்லில் டிவி பழுது பார்த்த வருஷங்களில், சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் படம் சுருங்கி நாலு பக்கமும் கறுப்புப் பட்டை எட்டிப்பார்க்கும். செட் சூடேறினாலும் அளவு மாறும். அது வீட்டுக்காரர் கண்ணில் படக்கூடாது என்று படத்தை டியூபின் விளிம்பைத் தாண்டியே விரித்து வைப்போம். ஒளிபரப்புகிறவர்களும் அதைத் தெரிந்துகொண்டு எழுத்துகளை ஓரத்துக்குக் கொண்டுபோக மாட்டார்கள். எல்இடி டிவியில் ஒவ்வொரு பிக்சலும் தன் இடத்தில் நிலையாக இருக்கிறது. வோல்டேஜ் இறங்கினால் படம் சுருங்கப்போவதில்லை. ஆனாலும் அந்தப் பழக்கத்தைப் பல டிவிகள் இன்னும் விடவில்லை.

உங்கள் டாஸ்க்பாருக்கு வருவோம். 1920க்கு 1080 படத்தில் நடுவிலுள்ள 95 சதவீதத்தை மட்டும் டிவி காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், மேலே 27 பிக்சல் வரிசையும் கீழே 27 பிக்சல் வரிசையும் மறையும். விண்டோஸ் 10ல் டாஸ்க்பாரின் உயரமே 40 பிக்சல்தான். மிச்சம் தெரிவது 13.

சரிசெய்ய வேண்டிய இடம் டிவி ரிமோட். படத்தின் அளவு அல்லது விகிதம் என்ற மெனுவுக்குப் போங்கள். எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சோனியில் ‘ஃபுல் பிக்சல்’, பழைய சாம்சங்கில் ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்று இருக்கும். சில டிவிகளில் அந்த ஹெச்டிஎம்ஐ உள்ளீட்டின் பெயரை ‘பிசி’ என்று மாற்றினாலே போதும், ஓரம் வெட்டுவதை நிறுத்திவிடும்.

லேப்டாப்பின் கிராபிக்ஸ் டிரைவரிலும், அதாவது திரைக்குப் படம் அனுப்பும் சிப்பை இயக்குகிற மென்பொருளிலும், படத்தைச் சுருக்க வழி உண்டு. என்விடியா, ஏஎம்டி, இன்டெல் மூன்றிலும் இருக்கிறது. பக்கத்து வகுப்புக்காரர் யாராவது அதைத்தான் முதலில் சொல்வார். தயவுசெய்து முதலில் அங்கே போகாதீர்கள். டிரைவர் 1920 பிக்சலை 1800 சொச்சமாகச் சுருக்கும், டிவி அதையே திரும்ப 1920 ஆக இழுக்கும். இரண்டு முறை அளவு மாறிய எழுத்து மழுங்காமல் இருக்காது. ஆங்கில எழுத்து இதை ஓரளவு தாங்கிவிடும். நம் எழுத்தில் மெய்க்கு மேலே இருக்கிற புள்ளி, சாதாரண அளவில் இரண்டு மூன்று பிக்சல்தான். அது கரைந்தால் கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கு ‘பல்’ என்பது ‘பல’ என்று தெரியும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதில் அந்தப் புள்ளி திரையில் கூர்மையாக நிற்பது முக்கியம் டீச்சர்.

கேள்வி: நாங்கள் போகும் ஒரு மண்டபத்தில் பழைய டிவி. ரிமோட்டில் எந்த மெனுவிலும் ஓவர்ஸ்கேனை நிறுத்த வழியில்லை. லினக்ஸ் லேப்டாப்பில் டிரைவர் மூலம் படத்தைச் சுருக்கினேன். ஓரம் தெரிகிறது. ஆனால் கர்சர் ஓரிடத்தில் நிற்க, கிளிக் வேறிடத்தில் விழுகிறது.
– வீடியோ எடிட்டர், திருமங்கலம்

தம்பி, ரிமோட்டில் வழியில்லை என்றால் டிரைவரில் சுருக்குவதுதான் அடுத்த வழி. நீங்கள் செய்தது சரி. சிக்கல் கர்சரில் இருக்கிறது.

கர்சர் உங்கள் டெஸ்க்டாப் படத்தின் பகுதி இல்லை. முன்பெல்லாம் கர்சருக்குக் கீழே இருக்கும் பிக்சல்களை எடுத்து வைத்துவிட்டு, அங்கே அம்பை வரைந்து, மவுஸ் நகர்ந்ததும் பழையதைத் திரும்ப வைப்பார்கள். அதில் கர்சர் மினுக்கும். அதனால் கிராபிக்ஸ் சிப்பிலேயே கர்சருக்கென்று ஒரு சின்ன இடம் ஒதுக்கினார்கள். ஏஎம்டியின் பழைய ரேடியான் சிப்பில் 64க்கு 64 பிக்சல், பிறகு வந்தவற்றில் 128க்கு 128. சிப் திரைக்குப் படத்தை அனுப்பும்போது கர்சரை மேலே வைத்து அனுப்புகிறது. முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு மாதிரி, உள்ளே பிம்பம் பின்னால் போனாலும் பொட்டு போகாது. படத்தைச் சுருக்கும்போது கர்சர் நிற்க வேண்டிய இடத்தையும் டிரைவர் தனியாகக் கணக்குப் போட்டாக வேண்டும்.

இடமும் வலமும் 64 பிக்சல் விட்டிருப்பதாக வைப்போம். படத்தின் அகலம் 1792. மவுஸ் எந்தப் பிக்சலில் இருக்கிறதோ அதை 1792ஆல் பெருக்கி, 1920ஆல் வகுத்து, அதோடு 64 கூட்ட வேண்டும். இதில் எது விட்டுப்போனது என்பதைத் திரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். கர்சரைத் திரையின் நடுவில் வையுங்கள். அங்கே கிளிக் சரியாக விழுந்து, ஓரம் போகப் போக விலகி, கடைசியில் அம்பு கறுப்புப் பட்டைக்குள்ளேயே நுழைந்தால், டிரைவர் கர்சரைக் கண்டுகொள்ளவே இல்லை. நடுவிலும் ஓரத்திலும் ஒரே அளவு இடப்பக்கமாக விலகினால், பெருக்கி வகுத்துவிட்டு 64ஐக் கூட்ட மறந்திருக்கிறது. டிரைவரை எழுதுகிறவர்களுக்குப் புகார் அனுப்பும்போது இந்த வித்தியாசத்தைக் குறிப்பிடுங்கள். ‘கர்சர் சரியில்லை’ என்று மட்டும் எழுதினால் அவர்கள் எங்கே தேடுவார்கள்?

முகூர்த்த நேரத்துக்குள் வேலை நடக்க வேண்டும் என்றால், லினக்ஸில் திரையைக் கவனிக்கிற எக்ஸ்ஆர்க் மென்பொருளின் அமைப்புக் கோப்பில் டிவைஸ் பகுதியில் ‘எஸ்டபிள்யூகர்சர்’ என்ற ஆப்ஷனைப் போடுங்கள். கர்சர் படத்துக்குள்ளேயே வரையப்படும், படத்தோடு சேர்ந்து சுருங்கும். கொஞ்சம் மினுக்கலாம். கிளிக் விழ வேண்டிய இடத்தில் விழும்.

கேள்வி: ரேடியான் டிரைவரில் அண்டர்ஸ்கேனை (ஓரம் விட்டுப் படத்தைச் சுருக்கும் வசதி) ‘ஆன்’ செய்தால் வட்டம் லேசாக நசுங்கித் தெரிகிறது. டிரைவர் நிரலைப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். எங்கே பார்க்க வேண்டும்?
– பொறியியல் மாணவி, மதுரை

நிரலைத் திறந்து பார்க்கிற உங்களுக்கு முதலில் என் வாழ்த்து. ஓர அளவை நீங்கள் கொடுக்காமல் விட்டால், லினக்ஸின் ரேடியான் டிரைவர் தானே ஒன்றை வைத்துக்கொள்ளும்: அகலத்தை 32ஆல் வகுத்து 16 கூட்டு, உயரத்துக்கும் அதே கணக்கு. 1920க்கு 76, 1080க்கு 49. இரண்டு பக்கமும் கழித்தால் படம் 1768க்கு 982. அகலம் 92.1 சதவீதமாகச் சுருங்க, உயரம் 90.9 ஆகிறது. இரண்டுக்கும் ஒரே 16ஐக் கூட்டியதால் வந்த வித்தியாசம் அது. உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. கிடைமட்ட ஓரம் 64, செங்குத்து ஓரம் 36 என்று நீங்களே கொடுங்கள். 1792க்கு 1008 வரும், அது சரியான 16:9.

அப்புறம் கர்சர் பகுதியையும் விடாமல் படியுங்கள். திரையின் இடது விளிம்பில் கைச் சின்னத்தின் விரல்நுனி நிற்கும்போது, அந்தச் சின்னத்தின் இடது மூலை, திரை விளிம்பிலிருந்து எண்ணினால், பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். ரேடியான் டிரைவர் அப்போது இடத்தைப் பூஜ்யமாகவே வைத்து, கர்சர் படத்தை உள்ளுக்குள் நகர்த்துகிறது. ஏஎம்டியின் புதிய டிரைவரில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அந்தச் சிப்களில் கர்சருக்கென்று தனித் தளம், அதாவது படத்தைச் சாராமல் நிற்கும் அடுக்கு, கிடையாது. கீழே எந்தப் படம் ஓடுகிறதோ அதன் சுருக்கமும் இடமும் கர்சருக்கும் வரும். அதனால் இரண்டின் அளவு விகிதமும் ஒத்துப்போகிறதா என்று டிரைவர் சோதிக்கிறது. ராஸ்பெரி பை கையில் இருந்தால் அதன் டிரைவரையும் பாருங்கள். அங்கே இடம், வலம், மேல், கீழ் என்று நாலு ஓரத்தையும் தனித்தனியாகக் கொடுக்கலாம். அளவு மாற்றும் கணக்கு ஒரே சின்னச் செயல்பாட்டில் இருக்கிறது, படிக்க எளிது.

கேள்வி: 32 அங்குல டிவியில் ஓரம் எல்லாம் சரியாக வருகிறது, எழுத்து மட்டும் மங்கல். ஏன்?
– ஜெராக்ஸ் கடை, சோழவந்தான்

உங்கள் டிவி பேனல் 1366க்கு 768 ஆக இருக்கும். 1080 படத்தையும் வாங்கிக்கொண்டு தனக்குள் சுருக்கிக் காட்டுகிறது. கணினியில் 1366க்கு 768 தெரிவு செய்யுங்கள். பட்டியலில் அது இல்லாமல் 1360க்கு 768 மட்டும் இருந்தால் அதையே வையுங்கள். டிவி அதை இழுக்காமல் காட்டினால் பக்கத்துக்கு மூன்று பிக்சல் மட்டும் கறுப்பாக நிற்கும், எழுத்து தெளிவாகிவிடும்.