டீச்சரிடம் கேளுங்கள்: வகுப்புக்கே போகாமல் பி.எட். வாங்கலாமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் கிராமம், டீச்சர். பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டேன். கணக்கு டீச்சராக வேண்டும். வெளிமாநிலத்தில் பணம் கட்டினால் வகுப்புக்குப் போகாமலே பி.எட். வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். அப்பாவுக்குக் குறுவைக் கடன் இருப்பதால் யோசிக்கிறேன். இல்லாவிட்டால் அஞ்சல் வழியில் படிக்கலாமா?
- வாசகி

பதில்: வேண்டாம்மா. அந்த ஆளிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே.

அஞ்சல் வழி பி.எட். உனக்குக் கிடையாது. ஏற்கெனவே தொடக்கக் கல்விப் பயிற்சி முடித்தவர்களுக்குத்தான் அது. நீ போக வேண்டியது கல்லூரிக்கு, இரண்டு வருடம். ஒரத்தநாட்டிலும் புதுக்கோட்டையிலும் அரசுக் கல்வியியல் கல்லூரிகள் இருக்கின்றன. தனியாரைவிடக் கட்டணம் மிகக் குறைவு, முதலில் அங்கே விண்ணப்பம் போடு. பட்டப்படிப்பில் பொதுப்பிரிவுக்கு 50, பிற்படுத்தப்பட்டோருக்கு 45 சதவீத மதிப்பெண் கேட்பார்கள். தனியார் கல்லூரிதான் என்று ஆனால், தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் (என்.சி.டி.இ.) அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டு.

இரண்டாம் வருடத்தில் 16 வாரம் பள்ளிக்கூடத்தில் பயிற்சி. அதைத்தான் அந்த ஆள் உன்னிடமிருந்து பறிக்கப் பார்க்கிறார். நான் பயிற்சிக்குப் போன பள்ளி நீடாமங்கலம் பக்கம். ஏழாம் வகுப்பில் பரப்பளவு நடத்தினேன். சதுர மீட்டர் என்றதும் பிள்ளைகள் விழித்தார்கள். பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த வழிகாட்டி ஆசிரியர் எழுந்து வந்து, "உங்க வயல் எத்தனை மா?" என்று ஒரு பையனிடம் கேட்டார். "ஆறு மா சார்." "அப்ப எத்தனை ஏக்கர்?" மூன்று மா ஓர் ஏக்கர் என்பது டெல்டாப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதா? "ரெண்டு" என்று வகுப்பே கத்தியது. அங்கிருந்து சதுர மீட்டருக்கு அவர்களை அவர் கூட்டிப்போன விதத்தை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அதைப் பார்க்காமல் நீ வகுப்புக்குள் போகக் கூடாது என்பது என் ஆசை.

பி.எட். முடித்ததும் ஆசிரியர் தகுதித் தேர்வு, இரண்டாம் தாள். 150 மதிப்பெண்ணில் கணிதமும் அறிவியலும் சேர்ந்தே 60. கணக்கு உனக்கு வரும், அறிவியலை இப்போதே தூசி தட்டு. அதில் தேறினாலும் உடனே வேலை வந்துவிடாது, அரசுப் பள்ளிக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) நியமனத் தேர்வும் எழுத வேண்டும். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை நடத்த பி.எட். செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு நடத்தத்தான் ஆசை என்றால் தொடக்கக் கல்விப் பட்டயம் படிக்க வேண்டும்.

இந்த வாரமே மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றிதழும் கையில் இருக்கிறதா என்று பார். அப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு.