'கஸிஸ்' என்பது பழமா, மதுவா?

பிரெஞ்சு உணவுப் பட்டியலில் வரும் 'கிரெம் த கஸிஸ்' என்பதில் பாலேடு சேருமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேராது. 'கஸிஸ்' என்பது பிரெஞ்சு மொழியில் பிளாக்கரண்ட் பழத்தின் பெயர். அது திராட்சையன்று, புதரில் காய்க்கும் வேறொரு பழம். அதை மதுசாரத்தில் ஊறவைத்துச் சர்க்கரை சேர்த்துச் செய்யும் இனிப்பு மதுவையும் பேச்சில் அப்பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். பாலேட்டைக் குறிக்கும் 'கிரெம்' என்ற முன்சொல் இங்கே இனிப்பின் மிகுதியையே காட்டுகிறது: ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி லிட்டருக்கு 400 கிராம் சர்க்கரையேனும் இருந்தால்தான் இம்மதுவுக்கு அப்பெயரை இடலாம். பர்கண்டியின் டிஜோன் நகரம் இதற்குப் பெயர்பெற்றது; 1945 முதல் 1968 வரை அந்நகர மேயராக இருந்த பாதிரியார் ஃபெலிக்ஸ் கீர், விருந்தினருக்கு இதை வெள்ளை ஒயினில் கலந்து கொடுத்துப் பரப்பியதால், அக்கலவைக்குக் 'கீர்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. பிரான்சின் மார்செய் நகருக்கு அருகே 'கஸிஸ்' என்பதன் அதே பிரெஞ்சு எழுத்துகளில் எழுதப்படும் ஓர் ஊரும் உண்டு. ஆனால் உள்ளூர் மக்கள் அதைக் 'கஸி' என்றே ஒலிக்கிறார்கள்.