மாட்டு டாக்டர் பதில்கள்: பாறு எங்கே போச்சு?

போன இதழில் மடிவீக்கம் பற்றிய பதிலில், "டைக்ளோஃபினாக் ஊசி மட்டும் வேண்டாம், பாறு செத்துவிடும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வாசகர்கள் மடியை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் இந்த வாரம் முழுக்கப் பாறுதான். டைக்ளோஃபினாக் என்பது மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் போட்டுவந்த மருந்து. பாறு என்றால் பிணந்தின்னிக் கழுகு. பழைய தமிழ்ப் பெயரே மரியாதையாக இருக்கிறது.

மாட்டுக்குப் போட்ட ஊசி பறவையை எப்படி ஐயா கொல்லும்? நம்பும்படி இல்லையே. (சத்தியமங்கலம்)

நானும் நம்பவில்லை. நம்பாததற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அந்த ஊசியை வருடக்கணக்கில் போட்டவன் நான்.

தொண்ணூறுகளில் பவானிசாகர் பக்கத்துக் கிராமங்களில் வேலை பார்த்தேன். முட்டி வீங்கி எழுந்திருக்காத மாடு, ஊசி போட்ட ஒரு மணி நேரத்தில் எழுந்து தீவனத்துக்குத் தலையை நீட்டும். விலையும் மலிவு. எனக்குக் கைராசிக்காரன் என்று பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்த மருந்துதான். எல்லா மாடும் பிழைக்காது, இல்லையா? செத்ததைப் பள்ளத்துப் பக்கம் இழுத்துப் போடுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்படிப் போட்ட மாட்டின் மேல் பாறுக்கூட்டம் இறங்கினால் மதியத்துக்குள் வெறும் எலும்புதான் மிஞ்சும். அப்புறம் ஒரு காலம் வந்தது. போட்ட மாடு வாரக்கணக்கில் அங்கேயே கிடந்து ஊரை நாறடித்தது. ஏதோ வைரஸ் வந்து பறவைகள் சாகின்றன என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். பெரிய ஆராய்ச்சியாளர்களே முதலில் தொற்றுநோயைத்தான் சந்தேகித்தார்கள்.

லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவும் பாகிஸ்தானின் பஞ்சாபில் செத்த பாறுகளை அறுத்துப் பார்த்து, 2004இல் உண்மையை வெளியிட்டார்கள். மருந்து செலுத்திய ஆடு, எருமையின் இறைச்சியை, பிடித்து வைத்திருந்த பாறுகளுக்குக் கொடுத்தும் சோதித்தார்கள். தின்றவை சிறுநீரகம் கெட்டுச் செத்தன. பறவைகள் கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றுபவை. சிறுநீரகம் நின்றுபோனால் அது ரத்தத்தில் ஏறி, ஈரல், இதயத்தின் மேலெல்லாம் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாகப் படிந்துவிடும். மாட்டின் உடம்பு சில நாளில் வெளியேற்றிவிடும் மருந்துதான், அதற்குள் மாடு செத்தால் பாறுக்கு விஷம்.

இதில் என் தூக்கத்தைக் கெடுத்த கணக்கு ஒன்று உண்டு. கிடைக்கும் சடலங்களில் 760இல் ஒன்று முதல் 130இல் ஒன்று வரை இந்த மருந்து இருந்தாலே அத்தனை வீழ்ச்சிக்கும் போதுமாம். ஒரே மாட்டில் ஒரு கூட்டமே உட்கார்ந்து தின்னும் அல்லவா! 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைந்தது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று.

பாறுக்குத் தலை ஏன் மொட்டை? (மதுரை)

அது தலையை விட்டுச் சாப்பிடும் இடத்தை ஒருமுறை பாருங்கள். அங்கே முடி வைத்துக்கொண்டு போக உங்களுக்கு மனசு வருமா?

திருக்கழுக்குன்றத்தில் பொங்கல் சாப்பிட வந்த கழுகுகளும் இந்த ஊசியால்தான் நின்றனவா? (செங்கல்பட்டு)

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது என் பெரியப்பா கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். உச்சி வெயிலில் பாறை கால் சுடும். வெள்ளை உடம்பும் மஞ்சள் முகமுமாக இரண்டு வந்து, கோழி போல நடந்து, சர்க்கரைப் பொங்கலைக் கொத்திவிட்டுப் போயின. "முனிவர்கள்டா" என்று பெரியப்பா கும்பிட்டார். எனக்கோ மிச்சப் பொங்கல் மேல் கண். அது மஞ்சள்முகப் பாறு, வெண்முதுகுப் பாறுக்குத் தூரத்துச் சொந்தம். தொண்ணூறுகளில் வரவு நின்றது. அதையும் சேர்த்து இந்த ஊசியின் கணக்கில் எழுத நான் தயாரில்லை. ஊருக்குப் பெயர் கொடுத்த பறவை ஊரில் இல்லை, அவ்வளவுதான்.

தடை செய்து இத்தனை வருடம் ஆகிறதே, இன்னும் என்ன பேச்சு? (கோவை)

கோபம் புரிகிறது. 2006இல் மாட்டுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தார்கள். மனிதர்களுக்கான 30 மில்லி பாட்டில் கடையில் இருந்தது. அதே மருந்து, லேபிள்தான் வேறு. 300 கிலோ மாட்டுக்கு ஏறக்குறைய 12 மில்லி வேண்டும் என்றால் ஒரு பாட்டிலில் இரண்டு மாடு முடிந்தது. 2015இல்தான் மனித ஊசியை 3 மில்லிக் குப்பியாகச் சுருக்கினார்கள். இப்போது ஒரு மாட்டுக்கு நான்கு குப்பி உடைக்க வேண்டும். சோம்பேறித்தனத்தை நம்பிப் போட்ட சட்டம் என்று நான் கிண்டல் செய்வதுண்டு, ஆனால் நல்ல சட்டம்.

அதற்குள் வேறு பெயரில் பங்காளிகள் வந்துவிட்டன. அசிகுளோஃபினாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும். அதையும் கீட்டோப்ரோஃபனையும் 2023 ஜூலையில் தடை செய்தார்கள். நிமசுலைடு 2024 கடைசியில் போனது. ஒவ்வொன்றுக்கும் இத்தனை வருடம் இழுத்தது எனக்கும் ஆறவில்லை.

வலிக்கு வழி இல்லாமல் இல்லை. மெலாக்சிகாம் இருக்கிறது, டோல்ஃபெனாமிக் அமிலம் இருக்கிறது. இரண்டும் பாறுக்குப் பாதகமில்லை என்று சோதித்துப் பார்த்தவை. டாக்டரிடம் பெயர் சொல்லியே கேளுங்கள். கோபித்துக்கொண்டால் நான் கேட்கச் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பலனும் தெரிகிறது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் சேர்ந்து 2023 தொடக்கத்தில் எண்ணியபோது 246 பாறு. அதே வருட டிசம்பரில் 320. பத்து மாதத்தில் அத்தனை குஞ்சு பொரித்துவிடவில்லை. ஒரு ஜோடி வருடத்துக்கு ஒரே முட்டை இடும், குஞ்சு பருவம் வர நாலைந்து வருடம் ஆகும். கூடுதல் இடங்களில் கூடுதல் ஆட்கள் நின்று எண்ணினாலும் எண்ணிக்கை ஏறும். ஆனாலும் மாயாற்றங்கரை நீர்மருது மரங்களில் கூடு இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய சமாச்சாரம்.

செத்த மாட்டை நாய் தின்னாதா? இதற்கென்று ஒரு பறவை வேண்டுமா? (ஈரோடு)

தின்னும். தின்று குட்டி போட்டுப் பெருகி, அப்புறம் உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வழியில் நிற்கும். வெறிநாய்க்கடி ஊசிக்கு வரிசையில் நின்றவர்களைக் கேளுங்கள். பாறின் வயிறு அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) கிருமியையே தாங்கும். இந்தியாவில் பாறுகள் அழிந்ததால் 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயின என்று 2024இல் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

புலி எங்கள் கறவை மாட்டை அடித்துவிட்டது. மிச்சத்தில் குருணை மருந்து வைக்கலாம் என்று மாமனார் சொல்கிறார். (வாசகி, கூடலூர்)

வேண்டாம் அம்மா. மாமனாரின் வயிற்றெரிச்சல் நியாயமானது, கறவை மாடு என்பது மாதச் சம்பளம். ஆனால் விஷம் வைத்த மாட்டுக்குப் புலி திரும்பி வருவதற்குள் பாறுதான் இறங்கும். ஒரே மாட்டில் ஒரு கூட்டமே போய்விடும். மாமனார் மேல் வழக்கும் வரும். மாட்டைத் தொடாமல் படம் எடுங்கள், வனச்சரக அலுவலகத்தில் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள், கால்நடை மருத்துவரிடம் சான்றிதழ் வாங்குங்கள். இழப்பீடு தாமதமானால் எனக்கு எழுதுங்கள், மனு எழுதித் தருகிறேன்.

வலி ஊசி போட்டு மூன்றாம் நாள் மாடு செத்துவிட்டது. என்ன ஊசி என்று தெரியாது. வெளியே போடலாமா? (தாளவாடி)

போடாதீர்கள். நாய் தோண்ட முடியாத அளவுக்கு ஆழமாகக் குழி எடுத்து, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். குப்பி மாட்டுத்தொழுவத்தில்தான் எங்காவது கிடக்கும், தேடி எடுத்து லேபிளைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள்.