சிறிய நாட்டின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்

“உடன் வேலை செய்யும் வெளிநாட்டவரை கிவி, பாம், யாங்க் என்று பட்டப்பெயர் சொல்லி அழைக்கலாமா? பேச்சை வைத்து ஊகித்து, நாட்டை மாற்றிச் சொல்லிவிட்டால் வருத்தப்படுவார்களா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மெல்பர்னில் வசிப்பதால் இங்கே கண்டதையும் கேட்டதையும் வைத்துச் சொல்கிறேன். நியூசிலாந்துக்காரரைக் கிவி என்று தாராளமாக அழைக்கலாம். அவரை ஆஸ்திரேலியர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதுதான் அவர்களுக்கு உறைக்கும்.

கிவி என்பது நியூசிலாந்தில் மட்டுமே வாழும், பறக்க இயலாத ஒரு பறவை. அதன் பெயர் உலகம் முழுக்கப் பரவியதில் மெல்பர்னுக்கும் பங்குண்டு. 1906-இல் இந்த ஊரில் வில்லியம் ராம்சே என்பவர் பூட் பாலிஷ் ஒன்றைத் தயாரித்து, நியூசிலாந்தில் பிறந்த தன் மனைவியை நினைத்து அதற்குக் கிவி என்று பெயரிட்டார். டப்பாவின் மூடியில் அந்தப் பறவையின் படமும் இருந்தது. முதல் உலகப் போரில் படைவீரர்களின் மூட்டைகளில் அந்த டப்பா நாடு நாடாகச் சென்றது. நியூசிலாந்து வீரர்களுக்குக் கிவி என்ற பெயர் நிலைத்ததும் அந்தப் போர்க்காலத்தில்தான். பழத்துக்கு அந்தப் பெயர் வந்தது வெகு பின்னால், 1959-இல், அமெரிக்கச் சந்தைக்காக. இன்று அந்த நாட்டின் ஒரு வங்கி கிவிபேங்க். 2007-இல் தொடங்கிய ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம் கிவிசேவர். முதுமைக்கான சேமிப்புக்கே அவர்கள் விரும்பிச் சூட்டிக்கொண்ட பெயரைச் சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை.

மற்ற இரண்டும் அப்படியல்ல. பாம் என்பது ஆங்கிலேயரை ஆஸ்திரேலியர்கள் சீண்டும் பெயர். இரு நாடுகளும் மோதும் ஆஷஸ் கிரிக்கெட் தொடர் நடக்கும்போது அதிகம் காதில் விழும். அது அவர்களுக்குள் நூறாண்டுக்கும் மேலான வழக்கு. மூன்றாம் ஆளான நாம் அதில் புக வேண்டாம். யாங்க் என்று வெளிநாட்டார் எல்லா அமெரிக்கரையும் சொல்வார்கள். ஆனால் அலபாமா, ஜார்ஜியா பக்கத்துக்காரருக்கு அது 1861–65 உள்நாட்டுப் போரில் எதிரே நின்ற வடக்கத்தியரின் பெயர். முகம் சுளித்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

உச்சரிப்புக்கு வருகிறேன். என்னோடு கிடங்கில் வேலை செய்த ஒரு பெண்மணி நியூசிலாந்தின் தெற்குக் கோடியிலுள்ள இன்வர்கார்கில்லைச் சேர்ந்தவர். சரக்கு எடுக்க வரும் ஓட்டுநர்கள் அவரிடம் “ஃபிஷ் அண்ட் சிப்ஸ் என்று ஒருமுறை சொல்லுங்கள்” என்பார்கள். அவர் சொன்னால் இவர்கள் காதில் அது ‘ஃபஷ்’, ‘சப்ஸ்’ என்று விழும். அவரோ, ஆஸ்திரேலியர் சொல்வதுதான் ‘ஃபீஷ்’, ‘சீப்ஸ்’ என்பார். இந்த ஒரு குறிலில்தான் இரு நாட்டுப் பேச்சும் பளிச்சென்று பிரியும். எழுதுவதற்கு அவர் ‘பென்’ கேட்டால் நமக்குப் ‘பின்’ என்று கேட்கும். சில சொற்களில் ரகரத்தை நன்றாக உருட்டுவார். அந்தப் பகுதியில் ஸ்காட்லாந்துக்காரர்கள் அதிகமாகக் குடியேறியதன் மிச்சம் அது. அந்த வேடிக்கையெல்லாம் அவருக்குப் பழகிவிட்டது, சிரித்துக்கொண்டே சொல்லிக் காட்டுவார். ஆனால் புதிதாக வந்த ஒருவர், “எப்படியும் நீங்கள் ஆஸ்திரேலியர்தானே, இரண்டும் ஒன்றுதானே” என்றபோது கையிலிருந்த பட்டியலை மேசைமேல் வைத்துவிட்டு, “இல்லை, ஒன்றில்லை” என்றார். அன்று மதியம் வரை அவர் முகம் தெளியவில்லை.

அந்தக் கோபம் எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆஸ்திரேலிய அரசியலமைப்பில் மாநிலங்களாகக்கூடியவற்றின் பட்டியலில் நியூசிலாந்தின் பெயர் இன்றும் இருக்கிறது. 1901-இல் கூட்டாட்சி அமைந்தபோது அவர்கள் சேராமல் தனித்து நின்றார்கள். அப்படி நின்ற பிறகும் பெரிய அண்டை நாடு அவர்களுடையதைத் தன்னுடையதாகச் சொல்லிக்கொள்வது ஓயவில்லை. ஃபார் லாப் என்ற பந்தயக் குதிரை பிறந்தது நியூசிலாந்தின் டிமாருவுக்கு அருகே. 1930-இல் மெல்பர்ன் கோப்பையை வென்றது. அதன் தோல் பதப்படுத்தப்பட்டு மெல்பர்னில் நிற்கிறது, இதயம் கான்பெராவில், எலும்புக்கூடு வெலிங்டனில். இறந்த குதிரைக்கே இத்தனை இழுபறி என்றால், உயிருள்ள மனிதரை நாடு மாற்றிச் சொன்னால் வலிக்காதா?

இதே வலி ஸ்காட்லாந்துக்காரருக்கும் உண்டு. அதை உண்டாக்குவதில் நாமும் சேர்த்தி. சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவர். நாம் அவரை ஆங்கிலேயர் என்றே எழுதிப் பழகிவிட்டோம். வடக்கே நம்மையெல்லாம் மதராஸி என்றபோது கொதித்தவர்கள் நாம். நமக்கு இது புரிந்திருக்க வேண்டும்.

எனவே, பேச்சைக் கேட்டு ஐயம் வந்தால் சிறிய நாட்டின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். “கனடாவா?” என்று கேட்டால் அமெரிக்கர் பெரும்பாலும் சிரித்துவிட்டுத் திருத்துவார். “அமெரிக்காவா?” என்று கேட்கப்பட்டுச் சலித்த கனடாக்காரர்கள் ஏராளம். நியூசிலாந்தா என்று கேட்பதும் அப்படித்தான். தென்னாப்பிரிக்கரையும் இங்கே பலர் நியூசிலாந்துக்காரர் என்று நினைத்துவிடுவதுண்டு. அவர்கள் பொதுவாக அதைப் பெரிதுபடுத்துவதில்லை.

ஆஸி என்று ஆஸ்திரேலியரை அழைப்பதில் தடையே இல்லை. நடுவில் வரும் ஒலியை மட்டும் ஆங்கில எஸ் போல அல்லாமல் இஸட் போலச் சொல்லுங்கள். அமெரிக்கர்கள் எஸ் வைத்துச் சொல்வதை இங்கே யாரும் ரசிப்பதில்லை.