காணாமல் போன தோழியும் ஒரு செல்போனும்

கேள்வி: விஸ்காம் மூன்றாம் ஆண்டு மாணவன் நான். நாங்கள் நாலு பேர் சேர்ந்து செல்போனிலேயே இருபது நிமிட ஃபவுண்ட் ஃபுட்டேஜ் (கதாபாத்திரமே எடுத்து, பிறகு யாரோ கண்டெடுத்த வீடியோ போலக் காட்டும்) பேய்ப்படம் எடுக்கிறோம். பூட்டிக் கிடக்கும் மில்லுக்குள் போய் இன்ஸ்டா லைவ் போட்ட பெண் திரும்பி வரவில்லை, அவளுடைய போன் மட்டும் கிடைக்கிறது. இதுதான் கதை. படம் வருவதற்கு ஒரு வாரம் முன்னால், நடிக்கும் தோழியின் சொந்தப் பெயரையும் போட்டோவையும் போட்டு ‘காணவில்லை’ போஸ்டரை வாட்ஸ்அப்பில் விடலாம், பிறகு உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்கிறான் நண்பன். 1999-ல் ‘பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ என்ற அமெரிக்கப் பேய்ப்படம் இப்படித்தான் ஓடியதாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் நிஜம் என்று நம்பாவிட்டால் யார் பயப்படுவார்கள்?
— பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: தம்பி, போஸ்டர் வேண்டாம். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பதிலைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் நண்பர் டிசைனை முடித்து அனுப்பியே விடுவார்.

அவர் சொல்லும் வரலாறு சரிதான். 1999 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் அந்தப் படக்குழு ‘காணவில்லை’ நோட்டீஸ் விநியோகித்தது. இணையதளம் வைத்து, காட்டுக்குள் போன மூன்று மாணவர்களைப் பற்றிப் போலீஸ் தகவல், பழங்கதை என்று அடுக்கியது. கையளவு பணத்தில் எடுத்த படம் உலகம் முழுக்க ஏறக்குறைய 25 கோடி டாலர் வசூலித்தது. உங்கள் நண்பர் விட்டுவிட்ட பகுதி ஒன்று உண்டு. அந்த மூன்று நடிகர்களும் சொந்தப் பெயரிலேயே நடித்தார்கள். கதாநாயகி ஹெதர் டொனாஹ்யூ உயிரோடு வீட்டில் இருக்க, அவருடைய அம்மாவுக்கு அனுதாப அட்டைகள் வந்தன. பிற்காலத்தில் அவர் தன் பெயரையே மாற்றிக்கொண்டார். அதற்கும் முன்னால், 1980-ல் ‘கனிபல் ஹோலோகாஸ்ட்’ எடுத்த இத்தாலிய இயக்குநர், தன் நடிகர்கள் சாகவில்லை என்று நிரூபிக்க வேண்டிய நிலைக்கு ஆளானார். உங்கள் தோழியின் அம்மாவுக்கு இந்தத் திட்டம் தெரியுமா? அத்தை, சித்தி, கூடப் படித்தவர்கள் என்று எத்தனை பேர் போன் அடிப்பார்கள் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அன்றைக்கு ஏமாந்தவர் டிக்கெட் வாங்கி உள்ளே போனார். படம் முடிந்ததும் நடிகர் பெயர்கள் ஓடின, விளக்கு போட்டார்கள். இன்றைக்குத் துண்டு வீடியோ தனியாகக் கிளம்பிவிடும், நீங்கள் கடைசியில் வைத்த ‘இது கற்பனை’ அட்டை கூடவே போகாது. 2018-ல் நம் நாட்டில் பரவிய பிள்ளை பிடிக்கும் வீடியோ ஒன்று ஞாபகம் இருக்கிறதா? பைக்கில் வந்த இருவர் தெருவில் விளையாடும் பையனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக நடித்து எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் பையனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள். அதே வருஷம் மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்த நேரம். கூட்டம் சேர்ந்து அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்தார். ஒரு பெண்ணைக் காணவில்லை என்றால், ஊர் அடுத்துக் கேட்பது ‘யார் கடத்தினது?’ என்றுதான். உங்கள் மில்லுக்கு வாட்ச்மேன் ஒருவர் இருப்பார்தானே?

சரி, படத்துக்கு வருவோம். ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ என்ற இதே வகைப் பேய்ப்படத்தை, வெளியாகி ரொம்ப நாள் கழித்து, பட்டப்பகலில் லேப்டாப்பில் பார்த்தேன். இயக்குநர் ஓரன் பெலி தன் சொந்த வீட்டிலேயே சுமார் 15,000 டாலரில் எடுத்தது என்றெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்தேன். அதில் ஒரு காட்சி. படுக்கையறை, அசையாத கேமரா, ஓரத்தில் நேரம். நடுராத்திரி கதாநாயகி எழுந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறாள், தூங்கும் காதலனையே பார்த்துக்கொண்டு. கடிகார எண்கள் சடசடவென்று ஓடுகின்றன. மணிக்கணக்காக அவள் அங்கேயே நிற்கிறாள், உடம்பு மட்டும் லேசாக ஆடுகிறது. அவ்வளவுதான். ஒரு வார்த்தைகூட நான் நம்பவில்லை, ஆனாலும் அன்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது வீட்டுக்காரம்மா தூங்குகிறாரா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

இந்த வகைப் படத்துக்குத் தீராத தலைவலி ஒரு கேள்விதான்: இவ்வளவு நடந்தும் கேமராவை ஏன் கீழே வைக்கவில்லை? 1999-ல் ‘ஆவணப்படம் எடுக்கிறோம்’ என்று சொன்னால் போதும். இப்போது எல்லோர் கையிலும் போன் இருப்பதால் படம் எடுப்பதற்குக் காரணம் தேவையில்லை, நிறுத்தாததற்குத்தான் தேவை. 2018-ல் வந்த கொரியப் படம் ‘கோஞ்சியாம்’ நல்ல பதில் வைத்திருக்கிறது. பாழடைந்த மனநல மருத்துவமனைக்குள் ஆட்களை அனுப்பிவிட்டு, சேனல் நடத்துபவன் வெளியே கூடாரத்தில் உட்கார்ந்து, பார்ப்பவர் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொடுமா என்று திரையையே பார்த்துக்கொண்டிருப்பான். 2020 ஊரடங்கில் ராப் சாவேஜ் எடுத்த ‘ஹோஸ்ட்’ முழுக்க ஒரு ஜூம் அழைப்பு. தோழி அலறுகிறாள், நீங்கள் போக முடியாது, அழைப்பைத் துண்டிக்கவும் மனசு வராது. வேடிக்கை என்னவென்றால், அதன் விதையும் ஒரு பொய்தான். பரணில் ஏதோ சத்தம் என்று வீடியோ அழைப்பில் சாவேஜ் தன் நண்பர்களையே அலறவைத்தார். ஆனால் பெயர் போட்டுக் காணாமல் போனதாக ஊரைத் தேடவிடவில்லை.

உங்கள் கதையில் எனக்கு உதைக்கிற இடம் இதுதான். அவள் லைவ் போட்டாள் என்றால் உலகமே பார்த்தாயிற்று, அப்புறம் போன் கிடைத்து என்ன பயன்? இதை ஓட்டை என்று அடைக்காதீர்கள், படமே அதில்தான் இருக்கிறது. மில்லுக்குள் சிக்னல் போய்விடுகிறது, லைவ் உறைந்து நிற்கிறது, வெளியே எல்லோரும் பார்த்தது அவள் சிரித்த முகத்தோடு நின்றுபோன ஒரு ஃப்ரேம். போனுக்குள் மட்டும் பதிவு தொடர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் எத்தனை நிமிஷம் என்று முடிவு பண்ணுங்கள். ‘பின்னாடி பாருடி’ என்று கமென்ட் வருவதை மட்டும் வைக்காதீர்கள், அது தேய்ந்துபோன சாமான். அதற்குப் பதிலாகப் பார்ப்பவர் எண்ணிக்கை 43, 20, 6 என்று இறங்கட்டும். நெட்வொர்க் போன பிறகும் ஒரே ஒருவர் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதாகத் திரை காட்டட்டும்.

பிளேர் விட்ச் ஆட்களிடம் கடன் வாங்குவதென்றால், படப்பிடிப்பு முறையை வாங்குங்கள். எட்டு நாள் நடிகர்களே கேமரா பிடித்தார்கள். ஜிபிஎஸ் கருவியை வைத்து அடுத்த இடத்தைக் கண்டுபிடித்தால், அங்கே பால் அடுக்கும் பெட்டியில், என்ன செய்ய வேண்டும் என்று அவரவருக்குத் தனித்தனிச் சீட்டு இருக்கும், அடுத்தவருக்கு என்ன வந்தது என்று தெரியாது. நாளாக நாளாகச் சாப்பாட்டையும் குறைத்தார்கள். அதை நீங்கள் செய்ய வேண்டாம், சீட்டு மட்டும் போதும்.

மில்லுக்குள் உரிமையாளர் அனுமதியோடு போங்கள், முதலில் பகலில் ஒரு தடவை தரையையும் கூரையையும் பார்த்துவிடுங்கள். ‘கோஞ்சியாம்’ குழுவே நிஜ மருத்துவமனையில் எடுக்கவில்லை, பூசானில் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில்தான் எடுத்தார்கள். போஸ்டர் போட்டே ஆக வேண்டும் என்று நண்பர் அடம்பிடித்தால், கற்பனைப் பெயர் வையுங்கள், படத்தின் தலைப்பை அவள் முகத்தின் மேலேயே குறுக்காக அச்சடியுங்கள். ஓரத்தில் வைத்தால் வெட்டிவிடுவார்கள்.

அப்புறம் ஒன்று. செல்போன் மைக் காற்றுச் சத்தத்தைத்தான் முதலில் பிடிக்கும். அவளுடைய மூச்சைத் தனியாக, மின்விசிறியை நிறுத்திவிட்டு, போர்வைக்குள் வைத்துப் பதிவு பண்ணிக்கொள்ளுங்கள்.