கொய்யாவைக் கடிப்பது வௌவாலா, ஓடில்லா நத்தையா?

வௌவால்தான். உயரக் கிளையில் தொங்கிய கொய்யா ஒரே ராத்திரியில் பாதியாகிவிட்டது, அடியில் சக்கை உருண்டைகள் கிடக்கின்றன என்கிறீர்கள், அது நத்தை வேலையே இல்லை.

பழந்தின்னி வௌவால் சதையைக் கடித்து, நாக்கால் மேலண்ணத்தில் வைத்து நசுக்கிச் சாற்றை விழுங்கிவிட்டு நாரைத் துப்பிவிடும், நீங்கள் பார்த்த உருண்டை அதுதான். ஓடில்லா நத்தைக்குச் சக்கை துப்பும் பழக்கம் கிடையாது. நுண்பற்கள் வரிசையாக அடர்ந்த அரம் போன்ற நாக்கால் மெதுவாகச் சுரண்டித்தான் தின்னும், போன வழியெல்லாம் சளி காய்ந்து வெள்ளிக் கோடாக மினுங்கும்.

சரி, உறுதி செய்ய இதைச் செய்யுங்கள்:

1. விடிந்ததும் தண்டையும் பழத்தையும் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். சளிக்கோடு இருந்தால் நத்தையும் வந்திருக்கிறது.
2. இருட்டியபின் டார்ச்சோடு மரத்தடியில் கொஞ்ச நேரம் நில்லுங்கள், சிறகடிப்பு கேட்கும்.

ஆனால் பழத்தில் இணை இணையான உளிப்பல் தடம் தெரிந்தால் எலியாகவோ அணிலாகவோ இருக்கலாம். அப்புறம், கடிபட்ட பழத்தை வெட்டிவிட்டு மிச்சத்தைத் தின்னாதீர்கள், தயவுசெய்து. நிபா வைரஸ் வௌவால் எச்சில் வழியாகவும் பரவக்கூடியது. தொளதொளவென்று வலை போட்டால் பாவம், வௌவால் சிக்கிச் செத்துப்போகும், காய்களுக்குப் பை கட்டுங்கள்.